இன்னும் பத்து

ட்ரைனேராவில் பதின்மூன்று பேர் துடுப்புப் போடுவார்கள்.
பதினான்காமவள் நான்,
பின்னே நின்று திசை பிடிப்பவள்,
கணக்குச் சொல்பவள்.
போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள்,
முகமெல்லாம் என் பக்கம்.
கடலைப் பார்ப்பது நான் ஒருத்தி.
அவர்கள் பார்ப்பது என்னை.

அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் மாதம். ஓந்தார்ரோவாவில்
படகுக் கொட்டகை முழுக்க இருமல்.
ஒருத்தி தும்மினால் ஒரே வாரத்தில் எல்லோருக்கும்.
ஒலாட்ஸுக்கு நாலு நாள் காய்ச்சல்.
ஐந்தாம் நாள் நெத்திலி ஆலையில் இரவு வேலை,
ஆறாம் நாள் விடியலில் படகுக்கு வந்தாள்
விரலிடுக்கில் உப்போடு.
"சரியாயிடுச்சா?"
தலையாட்டினாள்.
பதில் தெரிந்தே கேட்கிற கேள்வி அது.

ஆற்றுவாய் தாண்டி மிதவையைச் சுற்றித் திரும்பும் இடம்,
சியாபோகா என்பார்கள்,
படகின் பாரமெல்லாம் ஒரு பக்கம் சாயும் அங்கே.
அவள் உதடு நீலமாக இருந்தது.
குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.
பொய்.
நினைக்கவே நினைக்காமல் கத்தினேன்:
இன்னும் பத்து!

பத்தும் போட்டாள்.
பதினொன்றில் துடுப்பு நீரில் மாட்டிக்கொள்ள
பின்னால் இருந்தவள் முழங்காலில் சாய்ந்தாள்,
கண் திறந்தபடி.

துடுப்பு, துடிப்பு.
நடுவே மாறுவது ஓர் உயிர்தான்.
அதை நான் எண்ணவில்லை.

பில்பாவோவில் டாக்டர் அர்ரியெத்தா
திரையைத் திருப்பிக் காட்டினார்:
இதயச் சுவரில் வெள்ளையாய் ஒரு கீற்று,
கழுவாத தம்ளரில் பால் காய்ந்த தடம் போல.
வைரஸ் தொண்டையோடு நிற்கவில்லையாம்.
"தசையில் அழற்சி. ஆறு மாதம் ஓய்வு.
படி ஏறலாம், மெதுவாக.
படகு கூடாது."
பயிற்சி பெற்ற இதயம் வலுவானதுதானே என்றேன்.
"அதனால்தான்
முனகாமல் வேலை பார்த்தது" என்றார்.

நெஞ்சில் ஒயர்கள், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி.
"என் இதயம் டயரி எழுதுது,
எனக்குத்தான் படிக்கத் தெரியலை" என்றாள்.
நூற்றுப் பத்தைத் தாண்டினால்
கைக்கடிகாரம் கீச்சிடும்.
ஒருமுறை ரொட்டிக் கடை வரிசையில் கீச்சிட்டது.
யாரைப் பார்த்தாள் என்று
இன்றுவரை சொல்லவில்லை.

ஜூலையில் பந்தயம். அவள் இருக்கையில்
பத்தொன்பது வயது உசோவா.
ஐந்தாவதாக வந்தோம்.
துறைமுகச் சுவரில் உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள் ஒலாட்ஸ்.
அவள் தோள் மட்டும்
என் கணக்குக்கு முன்னும் பின்னும் போய்வந்தது.
"கீச்சிட்டதா?"
"நூற்று ஒன்பது" என்றாள்,
உமியைத் துப்பிவிட்டு.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போய்
மன்னிப்புக் கேட்க நினைத்தேன்.
நாலு மாடி. லிஃப்ட் பழுது.
அவள் எப்படி ஏறுவாளோ அப்படியே
ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினேன்.
கதவு திறந்தது.
கேட்க வந்ததை மறந்து
தண்ணீர் கேட்டேன்.

அக்டோபர். பரிசோதனை முடிவு.
வடு இருக்கும், போகாது.
துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது.
இருபது நிமிடம், ஆற்றுக்குள் மட்டும்,
பேசிக்கொண்டே போடக்கூடிய வேகத்தில்.

இடப்பக்கம் மூன்றாவது இருக்கை.
உசோவா தானே எழுந்து கரைக்குப் போனாள்,
கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான்.
பன்னிரண்டு துடுப்புகள் நீருக்கு மேலே காத்திருந்தன.
வழக்கம்போல் வாய் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.

"நீ சொல்லு" என்றேன்.

இரண்டு விரலைக் கழுத்தில் வைத்தாள்.
படகு தானாகப் பாலத்தை நோக்கி ஒதுங்கியது.
"மீனெல்லாம் தூங்கி எழுந்துடும் போல"
என்று முன்னணியத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் திசையைத் திருத்தவில்லை.
பாலத்தின் நிழல் எங்கள் மேல் முழுதாக விழுந்தபிறகு
விரலை எடுத்தாள்,
துடுப்பை இறக்கினாள்.

"ஒன்று" என்றாள்,
எனக்கே கேட்காத குரலில்.